மெத்திலும் எத்திலும்

நவ. 9, திங்கள்

காலையிலிருந்து மழை. விட்டு விட்டு. கொடித்துணி இன்னும் காயவில்லை, வீடெல்லாம் ஈர வாடை.

கம்பெனிக்குப் புதுச் சரக்கு, செட்டைல் ஆல்கஹால். திரவம் இல்லை. மெழுகைச் சீவின மாதிரி வெள்ளைச் சில்லு, மூட்டையில். முகத்துக்குப் பூசுகிற கிரீம் செய்பவர்களுக்குப் போக வேண்டியது. கேட்டில் நிற்கிற குமாருக்கு ஒரே ஆச்சரியம். "ஆல்கஹால்னு எழுதிகீது, மூட்டையில வந்துகீது. இத்த எப்டிக்கா குடிக்கிறது?" கடித்துத் தின் என்றேன்.

இந்த வாரம் டெஸ்ட் செய்து அனுப்ப வேண்டியது:
ஐசோப்ரோப்பைல். டேப் ரிக்கார்டர் போர்டு துடைக்க.
பியூட்டைல். லாரி பெயின்ட் தின்னருக்கு. மூடியைத் திறந்தாலே தலைவலி.
மெத்தில், நாலு டிரம். பெயின்ட் உரிக்கிற மருந்துக்கு.
கிளிசரின். இதுவும் ஆல்கஹால் ஜாதிதான், சொன்னால் யாரும் நம்புவதில்லை. உதட்டு வெடிப்புக்குக் கொஞ்சம் பஞ்சில் தொட்டுக்கொண்டேன்.

எஸ்டேட் ரோட்டில் தண்ணீர். பஸ் வரவில்லை. பாதி தூரம் நடை.

வீட்டில் இருக்கிற ஒரே ஆல்கஹால், பம்ப் ஸ்டவ் பற்றவைக்கிற ஊதா ஸ்பிரிட். அதையும் நான் மேல் தட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் வைக்கிறேன். இவர் குடியை விட்டு இரண்டு தவக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் கை தானாக அங்கேதான் வைக்கிறது. கிறிஸ்மஸுக்குத் திராட்சை ரசம் போடுவதையும் அப்போதே நிறுத்தியாச்சு. பக்கத்து வீட்டு எமிலி கேட்டாள், இந்த வருஷமாவது ஜாடியை இறக்குவியா என்று. ஜாடி உடைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அந்தோணிக்கு (இவர் தம்பி, எங்களோடுதான் இருக்கிறான்) நூம்பலில் பெரிய வேலை. புது வீடு, தேக்குக் கதவு, ஜன்னல், பீரோ எல்லாம் பாலிஷ். கூட மணி. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் வேலை ஓடும், பேச்சும் ஓடும். மழையில் பாலிஷ் காயாமல் வெள்ளை பூத்துக்கொள்கிறதாம். "சூரியன் வந்தாதான் அண்ணி, இல்லன்னா பேஜாரு."

நவ. 10, செவ்வாய்

மழை. இவருக்கு அண்ணனூர் ரயில் கார் ஷெட்டில் இந்த வாரம் முழுக்க இரண்டாவது ஷிஃப்ட். மதியமே டிபன் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதால் காலையில் இரண்டு குழம்பு. புளி தீர்ந்தது.

மெத்தில் டிரம் நாலும் டெஸ்ட் ஆச்சு. தண்ணீர் அளவு சரி. வரதன் சார் (மேனேஜர்) நல்ல மூடில். மகளுக்கு இன்ஜினியரிங் சீட்.

அந்தோணி எட்டு மணிக்கு வந்தான். தலையெல்லாம் நனைந்து. வாயில் பாக்கு. சாப்பாடு வேண்டாம் என்றான், மணி பரோட்டா வாங்கிக் கொடுத்தானாம். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. பாக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும், இவர் குடித்த காலத்தில் இவர் வாயிலும் அதே பாக்குதான். எப்போதாவதுதான் குடிப்பான். அண்ணன் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து.

நாளை: புளி, கொசுவர்த்தி, இவர் சட்டைக்குப் பொத்தான்.

நவ. 12, வியாழன்

நேற்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று காலை அந்தோணி எப்போதும் போல வேலைக்குப் போனான். தலை வலிக்கிறது என்று ஒரு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். நான் ஐந்தரைக்கு வந்தபோது கதவு திறந்திருந்தது. பாயில் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் வாந்தி. மூச்சு வாங்குகிறது, ஓடி வந்த மாதிரி. லைட் எரிகிறது.

"யாரு? அண்ணியா?"

"நான்தான். என்ன ஆச்சு?"

"வெளிய பனி பெய்யுதா அண்ணி?"

மழைதான் என்றேன்.

"இல்ல அண்ணி. வெள்ளையா கீது. உன் மூஞ்சியே தெரியல. பால் ஊத்துன மாதிரி கீது."

அப்படியே நின்றேன். ஒன்பது வருஷமாக டெஸ்டிங் ரூம் சுவரில் மாட்டியிருக்கிற போர்டில் இருக்கிற வரிதான். மெத்தில் உள்ளே போனால் முதலில் கண். "என்ன குடிச்சே? யார் கொடுத்தது? சொல்லு அந்தோணி, அண்ணனிடம் சொல்ல மாட்டேன்." அழுதான். பாலிஷுக்கு அரக்கு கரைக்க வாங்கின ஸ்பிரிட்டில் தண்ணீரும் சோடாவும் ஊற்றி நேற்று (அதாவது செவ்வாய்) சாயந்திரம் குடித்தார்களாம். குளிருக்கு.

"எப்பவும் வர்றது ஊதாவா கீது, நாத்தம் அடிக்கும், வாயிலயே வெக்க முடியாது. இது தண்ணி மாதிரி கீது அண்ணி. வாசனகூட நல்லா கீது. மணி சொன்னான், இது ஒரிஜினலு மச்சான், லாரி ஷெட்டுல எல்லாம் இதான் குடிக்கிறாங்கன்னு."

எமிலி வீட்டுக்காரர் ஆட்டோ கூட்டி வந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரி, அதுதான் கிட்ட. டியூட்டி டாக்டர் சின்ன வயசு, தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். என்ன தெரிகிறது என்று கேட்டார். பனி என்றான் இவன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்வதற்குள் அவரே, "மெத்தனால்" என்றார். "இன்னும் யாரும்மா கூடக் குடிச்சது?"

மணி.

எமிலி வீட்டுக்காரரை அதே ஆட்டோவில் கார் ஷெட்டுக்கு அனுப்பினேன். இவரிடம் சொல்லி, இரண்டு பேருமாக நேரே மணி வீட்டுக்குப் போய் அவனைத் தூக்கி வரச் சொல்லி.

டாக்டர் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினுக்கு அங்கே ஏற்கெனவே ஆட்கள் காத்திருக்கிறார்கள். ரோட்டிலும் இடுப்பளவு தண்ணீர். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இப்போதைக்கு ஒரே மருந்துதான். எத்தில். எங்ககிட்ட ஊசியா இல்ல. நீங்க போய் பிராந்தி வாங்கிட்டு வரணும்."

எனக்குப் புரிந்தது. மெத்தில் தானாகக் கொல்வதில்லை. உடம்பு அதை உடைத்து ஆசிட் ஆக்கும், எறும்புக்கடியில் இருக்கிற அதே ஆசிட். எத்திலும் கூட இருந்தால் உடம்பு முதலில் எத்திலைத்தான் எடுத்துக்கொள்ளும். மெத்தில் அதற்குள் மூச்சிலும் மூத்திரத்திலும் வெளியே போகும். படித்தது. டெஸ்டிங் ரூமில் டீ குடித்துக்கொண்டே பேசினதும் உண்டு. ஆனால் டாக்டர் வாயால் "பிராந்தி" என்று கேட்டபோது கால் நகரவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டர் என் தோளைத் தொட்டார். "மருந்துன்னு நினைச்சிட்டுப் போங்கம்மா."

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். கம்பி வலை, அதில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. தார்ப்பாய்க்குக் கீழே ஆண்கள் கூட்டம். நான் போனதும் சத்தம் நின்றுவிட்டது. ஒருவன், "அக்கா வழி தெரியாம வந்துகீது." இன்னொருவன், "ஊட்டுக்காரருக்குக் கால் உடைஞ்சிகீது போல, ஆள் அனுப்பிகீறாரு." சிரிப்பு. வயசான ஒருத்தர் மட்டும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு, "வழி விடுங்கடா" என்றார்.

"இன்னா பிராண்டும்மா?"

"பிராந்தி. நல்லதா. மருந்துக்கு."

"எல்லாரும் மருந்துக்குத்தான் வாங்குறாங்க," என்றான் கடைக்காரன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தான். எத்தனையோ பாட்டிலை வாசலிலேயே கவிழ்த்துக் கொட்டியிருக்கிறேன். அதே கையால் ஒன்றைப் புடவைக்குள் மறைத்து, ஈரமாகாமல், மார்போடு பிடித்துக்கொண்டு ஓடினேன்.

சிஸ்டர் அளந்து தண்ணீர் கலந்தார். அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணா சிஸ்டர், இனிமே குடிக்க மாட்டேன் சிஸ்டர், மாதா மேல சத்தியமா." நான் தாடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். வாந்தி எடுத்தான். மறுபடி ஊற்றினேன்.

எட்டு மணிக்கு இவர் வந்தார். யூனிஃபார்ம் முழுக்கச் சேறு. தனியாக.

மணி ஆட்டோவிலேயே போய்விட்டான். இவர் மடியில்.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்க முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடியும்வரை கொடுக்க வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். டாக்டர் இவரிடம் பாட்டிலையும் அளவுக் கிளாஸையும் நீட்டினார். இவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். வேறு ஆண் துணை எங்கள் வீட்டில் இல்லை. வாங்கிக்கொண்டார்.

(பிறகு, அதே நாள்)

இன்று காலை கம்பெனிக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டார், மிச்ச ஸ்பிரிட் இருந்தால் அங்கே டெஸ்ட் செய்து சொல்ல முடியுமா என்று. அந்தோணியின் பாலிஷ் பையில் ஒரு பாட்டிலில் கொஞ்சம் இருந்தது.

டெஸ்ட் டியூபில் சாலிசிலிக் ஆசிட், சல்ஃப்யூரிக் சில சொட்டு, இது கொஞ்சம். சூடு செய்தேன். எத்தில் என்றால் பெரிதாக ஒன்றும் வராது. வலித்தைலம் வாசனை வந்தது. ரூம் முழுக்க. இடுப்பு வலிக்குத் தேய்த்துக்கொள்கிற தைலத்தின் அதே வாசனை. நல்ல வாசனை. டியூபை சிங்கில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

வரதன் சார் வாசலில் நின்றுகொண்டே, "மெத்திலா?" என்றார். ஆமாம். நேராக குடோனுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. எங்கள் டிரம் ஒவ்வொன்றாகச் சீல் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். "ரெஜினாம்மா, போன்ல சொல்லிடுங்க. ஆனா நம்ம கம்பெனி பேரு எங்கயும் வர வேணாம். மெத்தில் விக்கிற கம்பெனின்னாலே போலீஸ் முதல்ல சந்தேகப்படுறது நம்மளத்தான்." டாக்டருக்குப் போன் செய்தேன். "நினைச்சதுதான்" என்றார்.

அந்தோணி உயிருக்கு இன்றைக்குப் பயமில்லை என்கிறார்கள். கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவ. 13, வெள்ளி

மழை நின்றது. வெயில்.

காலை ஆஸ்பத்திரி. இரண்டாவது ராத்திரியும் பிராந்தி கொடுக்கச் சொல்லி, இவர்தான் உட்கார்ந்திருக்கிறார். சிஸ்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரருக்குப் பதிலா வேற யாராவது உக்காரலாமேம்மா. அவர் கை நடுங்குது."

இவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். தாடி. கண் சிவப்பு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலேயே சொன்னார்.

"ஒரு சொட்டு வாயில வெக்கல ரெஜினா."

"நான் கேக்கலைங்க."

"நீ கேக்க மாட்டே. நானே சொல்றேன். ஒவ்வொரு வாட்டியும் மூடியத் தொறக்கிறேன், ஊத்துறேன், அவன் வாயில வெக்கிறேன். கையெல்லாம் அந்த வாசன. சோப்பு போட்டுக் கழுவிட்டேன், போகல. செபமால சொல்லலாம்னு பார்த்தா, மால பூரா அதே வாசன."

கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். படிக்கட்டில் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மதியம் மணியின் சாவு. போஸ்ட்மார்ட்டம் முடிந்து அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். ஏரிக்கரைப் பக்கம், ஓலைக் கூரை, வாசலில் தண்ணீர் வடியவில்லை, செங்கல் போட்டுப் பாடையை வைத்திருந்தார்கள். செல்வி (மணி பெண்டாட்டி) என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அழவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள். ஒரே விஷயம், திரும்பத் திரும்ப.

"வயிறு வலிக்குதுன்னாருக்கா. மோர் குடுத்தேன். குடிச்சா எப்பவும் அதான் குடுப்பேன். படுத்தாரு. அப்பால எழுந்து, செல்வி, இன்னா இருட்டா கீது, வெளக்கு வெய்யின்னாரு. கரண்டு இல்லக்கா. நெஜமாவே கரண்டு இல்ல, தெரு பூரா இல்ல. நான் சொன்னேன், கரண்டு போயிகீது, நீ தூங்கு, வந்துடும்னு. சரின்னு படுத்துகினாரு. மறுபடியும் கேட்டாரு, இன்னும் வரலியா கரண்டுன்னு. வரலன்னேன்."

என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கரண்டு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்லக்கா? லைட்டு எரியுதே, இந்தாளுக்குத் தெரியலியேன்னு தெரிஞ்சிருக்கும் இல்ல?"

தெரிந்திருக்கும். ஆனால், "இல்ல செல்வி, அப்பவே ரொம்ப ஆயிருக்கும், ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றேன். டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

மேளக்காரர்களும் பாடை தூக்குகிறவர்களும் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாவுக்கு வழக்கம்தான். செல்வி திடீரென்று எழுந்து போனாள். ஒருவன் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும், எந்த வாசனை எது என்று. முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். "அக்கா, நீ சொல்லு. இது இன்னா?" எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

கடைச் சாராயம். எத்தில்தான். சொன்னேன். கிளாஸைத் திருப்பிக் கொடுத்தாள், அவன் வாங்கவில்லை. மேளம் அடித்தவர்கள் யாரும் அதற்கப்புறம் குடிக்கவில்லை.

நவ. 14, சனி

போலீஸ்காரர் ஒருவர் வார்டுக்கு வந்தார். அந்தோணியிடம் எழுதி வாங்கினார். ஸ்பிரிட் வாங்கினது வேலப்பன்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி ஷெட்டில், டேங்கரிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி விற்கிறார்களாம். போனபோது ஷெட் காலி. எதிரில் டீக்கடை வைத்திருக்கிறவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் விற்றாரா என்றால் இல்லை. பார்த்தவராம்.

கண் டாக்டர் வந்தார். பெரியவர், சனிக்கிழமை மட்டும் வருகிறவர். ரொம்ப நேரம் பார்த்தார். கருவிழிக்குள் ஒன்றும் கெடவில்லை, பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு கருகிவிட்டது என்றார். ஊசி போடலாம், கொஞ்ச நாள் பார்க்கலாம். அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அந்தோணி கட்டிலில் உட்கார்ந்து, குரல் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் "சரி சார்."

டாக்டர் போனதும்: "அண்ணி, இன்னா சொன்னாரு?"

"கொஞ்ச நாள் பார்க்கலாம்னார்."

"அது கேட்டுச்சு. நீ இன்னா நெனைக்கிற? உனுக்குத்தான் தெரியுமே இதெல்லாம்."

பூத்துக்குப் போய் போன் செய்ய வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். யாருக்கும் போன் செய்யவில்லை. ஆஸ்பத்திரிக் கோயிலில் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. ஒரு சின்னக் கன்னியாஸ்திரி பலிபீடத்துக்கு மேல் இருக்கிற கண்ணாடியைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நவ. 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

மணி பற்றி அந்தோணியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மணியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான், எந்த வார்டு, பக்கத்து வார்டா என்று. இவர்தான் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்து, தம்பி தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

அந்தோணி அழவில்லை. "அவன்தான் நெறைய குடிச்சான். எனுக்குப் பாதிதான் குடுத்தான். உனுக்கு அண்ணி இருக்கு, கண்டுபுடிச்சிடும், போதும்டான்னான்" என்றான்.

நவ. 17, செவ்வாய்

வேலைக்குப் போனேன். மெத்தில் டிரம் நாலும் லோடு ஏறுகிற நாள். வரதன் சார் டிரம் மேல் மண்டை ஓடு வரையச் சொல்லியிருக்கிறார். குமாருக்குப் படம் வரையக் கை வரும். ஆனால் அவன் வரைந்த மண்டை ஓடு சிரிக்கிற மாதிரி இருக்கிறது. "சிரிக்காத மாதிரி வரை குமார்." "பல்லு வரைஞ்சாலே சிரிக்குதுக்கா, இன்னா பண்றது."

லோடு போயிற்று. அடுத்த லோடு சாம்பிளும் வந்துவிட்டது. உலகத்தில் பெயின்ட் உரிக்க வேண்டும், பிளாஸ்டிக் செய்ய வேண்டும், மருந்து செய்ய வேண்டும். மெத்தில் இல்லாமல் முடியாது. அது தெரிந்துதான் வேலை செய்கிறேன். இருந்தாலும் அளவெடுக்கிற பிப்பெட்டைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஐசோவைச் செய்துவிட்டு அப்புறம் இதை எடுத்தேன்.

நவ. 19, வியாழன்

அந்தோணி டிஸ்சார்ஜ். ஆட்டோவிலிருந்து இறங்கித் தன் வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தான். முழங்கை சிராய்ப்பு. தெருவே வேடிக்கை பார்த்தது. எமிலி மட்டும் கஞ்சி கொண்டுவந்தாள்.

சிராய்ப்புக்கு டிங்சர் போடலாமென்று மூடியைத் திறந்தேன். "அது இன்னா வாசன?" என்று சுவரோடு ஒண்டிக்கொண்டான். டிங்சர்தான், காயத்துக்கு என்றேன். "வேணா அண்ணி." வெறும் தண்ணீரில் கழுவிவிட்டேன்.

நவ. 21, சனி

நூம்பல் வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர் என்று அந்தோணி சொல்வான். ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. கிரகப்பிரவேசம் வருகிறதாம், வேறு ஆளை வைத்துப் பாலிஷை முடித்துவிட்டாராம். அங்கே கிடந்த பிரஷ், டப்பாவை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கேட்டுக்கு மேலே தொங்கவிட்டார். "வீட்டுல வெச்சுக் குடிச்சிருக்கானுங்கம்மா. புது வீடு. ஒரு உசிரு போயிருக்கு. ஐயர் சாந்தி பண்ணச் சொல்றாரு." உள்ளே அந்தோணி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். ஸ்கூட்டர் போனதும், "பீரோவுக்குக் கடைசிக் கோட்டு இன்னா கலர்ல போட்டாங்கன்னு கேட்டியா?" என்றான்.

கேட்கவில்லை.

நவ. 22, ஞாயிறு

பூசைக்கு மூன்று பேரும். அந்தோணி அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு. சமாதானம் சொல்லிக் கைகுவிக்கிற நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் காதில் ஏதோ. "குடிச்சதுனாலயாம்" என்பது மட்டும் கேட்டது.

மதியம் செல்வி வந்தாள். அந்தோணி முன்னால் உட்கார்ந்தாள். அவன் மணியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான், முடிக்கவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. போகும்போது வாசலில் என்னிடம், "உயிரோட கீறாரே, அது போதும்க்கா" என்றாள். உள்ளேயிருந்து அந்தோணி, சத்தமாக, "போதுமா?" என்றான். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

சாயந்திரம் என்னைக் கேட்டான். "நீ இன்னாத்துக்கு அண்ணி அந்தக் கடைக்குப் போன?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் தெளிகிறவரை களைந்தேன்.

நவ. 23, திங்கள்

பெரியாஸ்பத்திரி. கண் வார்டு. இவர் லீவு போட்டுக் கூட்டிப் போனார். நான் கம்பெனி.

பெரிய டாக்டரே பார்த்தாராம். வராது என்று சொல்லிவிட்டார். இனி ஊசி வேண்டாம், காசைக் கரியாக்க வேண்டாம், கோல் பிடித்து நடக்கப் பழகட்டும், சொல்லிக் கொடுக்க இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் அந்தோணிக்கு முன்னாலேயே.

ரயிலில் வந்தார்கள். அம்பத்தூரில் இறங்கும்போது அந்தோணி, "அண்ணா, நீ இனிமே எனுக்காக லீவு போடாத" என்றானாம். இதைச் சொல்லிவிட்டு இவர் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சாதம் இரண்டு வாய். கையைக் கழுவிக்கொண்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

நவ. 24, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. மடித்து வைத்தேன்.

கம்பெனியில் விசேஷம் இல்லை. ஐசோ பதினைந்து கேன். டேப் ரிக்கார்டர்காரர்கள் அவசரம் என்கிறார்கள்.

இவருக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்கு வர வேண்டியவர். ஏழு ஆயிற்று. நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக. அந்தோணி பாயில் உட்கார்ந்து, பீன்ஸ் நார் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். விரலாலேயே பார்த்துப் பார்த்து. சைக்கிள் சத்தம் கேட்டது. ஸ்டாண்ட் போடுகிற சத்தம் வரவில்லை. சைக்கிள் கீழே விழுந்த சத்தம்.

செருப்போடு உள்ளே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணி முகத்தைத் திருப்பினான். மூக்கை உயர்த்தினான்.

"அண்ணா?"

சுவரை விடாமலே செருப்பைக் கழற்றப் பார்த்தார்.

"குடிச்சிகினு வந்துகீறியா?"

"ம்."

கையிலிருந்த பீன்ஸைக் கீழே வைத்தான். நான் திட்டுவான் என்று நினைத்தேன். அழுவான் என்று நினைத்தேன்.

"எங்க வாங்குன?"

"கடையிலதான்டா."

"சீலு யாரு ஒடைச்சது?"

"நான்தான்."

"நீயே ஒடைச்சியா, ஒடைச்சிக் குடுத்தாங்களா?"

"நானேதான்டா. என் கையாலதான்."

"மேல லைட்டு எரியுதா?"

இவர் தலையைத் தூக்கிப் பல்பைப் பார்த்தார். ரொம்ப நேரம். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது.

"எரியுதுடா."

"நல்லாத் தெரியுதா?"

"தெரியுது."

"சரி," என்றான் அந்தோணி. பீன்ஸை மறுபடி எடுத்துக்கொண்டான்.

எனக்கும் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். கோபம் அதற்கு அப்புறம்தான் வந்தது. கொஞ்சமாக, நேரம் கழித்து. தட்டு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம்.